சமையலறையில் ஒரு மணிக்கயிறு

1

நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டைப் பார்வையிட ஏஜென்சியிலிருந்து ஆள் வருவதாகப் போன வாரம் கடிதம் வந்தது. இங்கிலாந்தில் இது வழக்கம். வருடத்துக்கு ஒருமுறை வந்து, சுவரில் ஆணி அடித்திருக்கிறோமா, குளியலறையில் பூஞ்சை படர்ந்திருக்கிறதா, அடுப்பு சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். ஊரில், சென்னைக்குப் பக்கத்து ஒரகடத்தில் நாங்கள் இருந்த வீட்டின் ஓனரும் பார்வையிட வருவார். அவர் பார்ப்பதெல்லாம் தண்ணீர் மோட்டார் எவ்வளவு நேரமாக ஓடுகிறது, எங்கள் வீட்டில் விருந்தாளிகள் எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள் என்பதைத்தான். கடிதமெல்லாம் கிடையாது. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் வருகிறார் என்று அர்த்தம்.

ஆள் வருவதாகச் சொன்ன அன்று காலையிலிருந்தே சாம்பார் வாசனை போகட்டும் என்று குளிரில் ஜன்னலை எல்லாம் திறந்து வைத்திருந்தேன். என் கணவர் அமல் அடுப்பைத் தேய்த்தார். பதினைந்து வயது மகள் ஜெனி தன் அறையைத் தானே சுத்தம் செய்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் கதவு பெரும்பாலும் சாத்தித்தான் இருக்கும்.

வந்தவள் சின்னப் பெண். மரியாதையானவள். ஷூவைக் கழற்றட்டுமா என்று கேட்டாள். அறை அறையாகப் பார்த்துவிட்டுச் சமையலறைக்கு வந்தவள் மேலே பார்த்தபடி நின்றுவிட்டாள். அங்கே கூரையில் ஒரு கொக்கி. கொக்கியில் பித்தளை மணி. மணியிலிருந்து தோள் உயரத்துக்கு ஒரு நீல நைலான் கயிறு தொங்குகிறது. கயிற்றின் நுனியில் சிவப்பு டேப்.

இது என்ன என்று கேட்டாள். அமல் சிங்க்கில் இல்லாத பாத்திரத்தைக் கழுவ ஆரம்பித்தார். நான் சிரித்தபடி, "டெக்கரேஷன்" என்றேன். அனுமதி இல்லாமல் கூரையில் துளை போட்டிருக்கிறீர்கள், இரண்டு வாரத்துக்குள் கழற்றித் துளையை அடைத்துவிடுங்கள் என்று அவள் பணிவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அது அலங்காரம் இல்லை. எங்கள் குடும்பம் ஓராண்டாக அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. அமலுக்குச் சூதாட்டப் பழக்கம் உண்டு. வேலை இல்லை. ஊரில் கடன் இருக்கிறது. மகள் அவரோடு பேசி மூன்று வருடம் ஆகிறது. ஒரே மேசையில் உட்கார்ந்துகொண்டு, "அப்பாவ அந்த உப்பக் குடுக்கச் சொல்லும்மா" என்று என்னைத் தபால்காரியாக்கி வைத்திருக்கிறாள். அவள் அவரிடம் பேசுவாளா, மாட்டாளா என்பதுதான் எனக்கு இந்த நாட்டில் இருக்கும் ஒரே பெரிய கவலை. மற்றதெல்லாம் எல்லார் வீட்டிலும் இருக்கிற கவலை.

வெளிநாட்டுக்கு வந்தவள் இதையெல்லாமா ஊருக்கு எழுதுவாள் என்று நீங்கள் நினைக்கலாம். பனி பெய்வதையும் ரயில் நேரத்துக்கு வருவதையும் எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து மறைமலை நகர் வரைக்கும் எத்தனை வீட்டில் இந்தக் கதை ஓடிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால் இதை எழுதுகிறேன்.

2

கயிற்றின் பூர்வீகத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அது ஒரகடத்து ஃபேக்டரியிலிருந்து வந்தது.

அமல் கார் கம்பெனி ஒன்றில் கதவு பொருத்தும் ஸ்டேஷனில் இருந்தார். லைனில் கார்கள் வரிசையாக நகர்ந்துகொண்டே வரும். ஆட்களின் தலைக்கு மேலே நீளமாக ஒரு கயிறு போகும். ஜப்பானிலிருந்து வந்த ஏற்பாடாம். வேலையில் ஏதாவது கோளாறு என்றால் அந்தக் கயிற்றை இழுக்க வேண்டும். உடனே போர்டில் அந்த ஸ்டேஷனுக்கு மஞ்சள் விளக்கு எரியும், அதற்கென்று இருக்கும் ட்யூன் ஒலிக்கும், டீம் லீடர் ஓடி வருவார். இருவருமாகக் கோளாறைச் சரிசெய்துவிட்டு இரண்டாம் முறை இழுத்தால் விளக்கு அணையும், லைன் பாட்டுக்கு ஓடும். சரியாகவில்லை என்றால் மொத்த லைனும் நிற்கும். எத்தனை கார் நின்றாலும் இழுத்தவனை யாரும் திட்டக் கூடாது. "யார் செஞ்சது", "ஏன் செஞ்சே" இரண்டும் கேட்கக் கூடாது. ஓடி வருகிறவர் கேட்க வேண்டியது ஒன்றுதான்: என்ன பிரச்சினை?

புதிதாகச் சேர்ந்தவர்கள் கயிற்றை இழுக்கப் பயப்படுவார்களாம். அண்ணாந்து பார்ப்பார்கள், கை போகாது. அவருடைய டீம் லீடர் குமரேசன் தென்காசிப் பக்கத்துக்காரர். அமலைவிட வயதில் சின்னவர். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரும்போது புதுப் பையன்களைப் பற்றிச் சொல்லி நொந்துகொள்வார். "கயித்த இழுக்காம விட்ட கதவு இங்கன சத்தம் போடாது மைனி. வாங்குனவன் வீட்ல போயில்லா சத்தம் போடும்" என்பார்.

பிறகு ஒரு மாடல் விற்கவில்லை என்று கம்பெனி ஒரு ஷிப்ட்டையே நிறுத்தியது. நிரந்தரமாகாமல் இருந்தவர்கள் எல்லாம் வெளியே. அதில் அமலும் ஒருவர். இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. மனிதர் வீட்டில் சொல்லவே இல்லை. வழக்கம்போல ஷிப்ட் நேரத்துக்கு எழுந்து, யூனிஃபார்ம் போட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்புவார். ஷேர் ஆட்டோ பிடித்துச் சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போய், பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து போனில் ரம்மி ஆடுவார். ஷிப்ட் முடியும் நேரத்துக்குக் காலி டிபன் பாக்ஸோடு வீட்டுக்கு வந்துவிடுவார்.

எனக்குச் சந்தேகம் வந்தது சட்டையால். துவைக்கிறவள் நான்தானே. வழக்கமாகக் கையிலும் காலரிலும் ஒட்டியிருக்கும் கிரீஸ் கறையைக் காணோம்.

"இன்னாங்க, சட்டைல கறையே இல்லியே?"

"லைன் மாத்திட்டாங்க. இப்ப க்ளீன் ஏரியால போட்டுக்கிறாங்க" என்றார்.

நம்பினேன். நம்பியதோடு விட்டேனா? பதவி உயர்வு என்று நானே முடிவு செய்து, கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றி, நான் நர்ஸாக வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தேன். ரம்மிக்காக அமல் போனிலேயே கடன் வாங்கியிருந்த ஆப்காரன் அவர் போனில் இருந்த நம்பருக்கெல்லாம் அழைக்க ஆரம்பித்து, எங்கள் பங்குச் சாமியாருக்கும் அழைத்தான். சாமியார் வீட்டுக்கு வந்து இரண்டு டம்ளர் காபி குடித்தும் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். கடைசியில், "ஏம்மா, அமலு இப்ப எங்க வேலைக்குப் போறாப்ல?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்தக் கேக் இன்றைக்கும் என் தொண்டையில் நிற்கிறது.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஜெனி தன் சங்கிலியைப் போட்டுக்கொள்ளப் பீரோவைத் திறந்தாள். முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை நாளில் என் அண்ணன் போட்டது, சின்னச் சிலுவை வைத்த மெல்லிய சங்கிலி. பெட்டியில் பஞ்சு மட்டும் இருந்தது. சங்கிலி அடகுக் கடைக்குப் போய், ஏலத்துக்கும் போய்விட்டிருந்தது. அவள் அழவில்லை, கத்தவில்லை. காலிப் பெட்டியை மூடி அவருடைய சாப்பாட்டுத் தட்டின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். அதோடு பேச்சும் போயிற்று.

3

இடம் மாறினால் புத்தி மாறும் என்று நம்பித்தான் இந்த நாட்டு வேலைக்கு எழுதிப் போட்டேன். முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை கிடைத்தது. அவரும் ஜெனியும் என் விசாவில் வந்தார்கள். வந்து இறங்கிப் பார்த்தால், நம்மூரில் முக்குக்கு முக்கு டீக்கடை இருப்பதுபோல இங்கே குதிரைமேலும் மேட்ச்மேலும் பணம் கட்டும் பந்தயக் கடை. எங்கள் தெரு முனை பஸ் ஸ்டாப்புக்கு நேர் எதிரே ஒன்று, கண்ணாடிக் கதவும் உள்ளே டிவியுமாக. பேய்க்குப் பயந்து சுடுகாட்டில் குடியேறின கதையாகிவிட்டதே என்று பெட்டிகளைக்கூடப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

வந்த முதல் வாரத்தில் ஒரு கூத்து. இங்கே குளியலறை விளக்குக்குச் சுவரில் சுவிட்ச் கிடையாது. கூரையிலிருந்து தொங்கும் கயிற்றை இழுத்தால் விளக்கு எரியும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஒரு நாள் என்னை அழைத்துப்போக முதியோர் இல்லத்துக்கு வந்த அமல் அங்கே கழிவறைக்குப் போயிருக்கிறார். உள்ளே இருட்டு. தடவிப் பார்த்ததில் ஒரு கயிறு தட்டுப்பட்டது. விளக்குதான் என்று இழுத்துவிட்டார். அது முடியாதவர்கள் விழுந்துவிட்டால் ஆள் கூப்பிட வைத்திருக்கும் சிவப்புக் கயிறு. கட்டிடம் முழுக்க அலாரம் அடித்தது. நாங்கள் நாலு பேர் ஆக்ஸிஜன் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினோம். கதவைத் திறந்தால் என் வீட்டுக்காரர், பேன்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ரெண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

எனக்கு மானம் போயிற்று. என்னோடு ஓடி வந்தவர்கள் நன்றாக இருக்கிறீர்களா என்று மட்டும் கேட்டுவிட்டு, தோளில் தட்டிக்கொடுத்துப் போனார்கள். வீட்டுக்கு வரும் பஸ்ஸில் அவர் டிக்கெட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். பிறகு, "இன்னா ஸ்டெல்லா, அத்தினி பேர் ஓடியாந்தாங்க, ஒருத்தரும் திட்டலியே. நம்ம லைன் மாதிரியே கீதே" என்றார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் மனதில் போட்டுவைத்திருக்கிறார்.

வேலை தேடினார். எல்லா விண்ணப்பத்திலும் ஒரு கட்டம் இருக்கும்: இடையில் வேலை இல்லாத காலத்துக்குக் காரணம் என்ன? அதைக் காலியாக விட்டுவிடுவார். காலிக் கட்டத்துக்கு யார் வேலை கொடுப்பார்கள்? வேலை இல்லாத கைக்குப் போன் வந்துவிடும். போன் வந்தால் ஆட்டம் வந்துவிடும்.

இங்கே ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. என்னைச் சூதாட விடாதீர்கள் என்று நாமே நம் பெயரைப் பதிந்துகொள்ளலாம். ஆன்லைன் ஆட்டக் கம்பெனிகள் எல்லாம் அந்தப் பெயரைக் கண்டால் கதவடைத்துவிடும். ஒரு நல்ல நாளில் அவரே பதிந்தார். ஆனால் நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் முன்னது பின்னதாகி, பின்னது முன்னதாகி, தடை அவர் அப்பா ஆரோக்கியசாமியின் பெயரில் போய் விழுந்தது. காசு வைத்துக் கேரம்கூட ஆடாமல் கண்ணை மூடிய என் மாமனாருக்கு இங்கிலாந்து முழுக்கச் சூதாடத் தடை. மகனுக்குக் கதவு திறந்தே இருந்தது. அதைத் திருத்த நான் எழுதிய கடிதங்களைச் சேர்த்தால் ஞாயிறு பூசையில் சாமியார் செய்யும் மறையுரை நீளம் வரும். கடைசியில் திருத்தினார்கள்; தடைக்கு அடங்காத வெளிநாட்டு ஆப்கள் தவிர மற்றதெல்லாம் அடைபட்டது. அதற்குள் ஆன்லைன் போதாமல் அவர் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளேயும் போய்விட்டிருந்தார்.

4

அவர் கட்டியது குதிரைமேல். வாலாஜாபாத் பக்கம் மாட்டைப் பார்த்து வளர்ந்த மனிதர். குதிரைக்கு எந்தக் கால் முன்னால் போகும் என்றுகூடத் தெரியாது. அந்த மாத மளிகைக்கு நான் வைத்திருந்தது மொத்தமும் போயிற்று.

நான் கத்தவில்லை. அதைத் தாண்டிவிட்டிருந்தேன். "ஊருக்குப் போயிடுங்க. டிக்கெட் போட்டுடறேன். இங்க நானும் என் பொண்ணும் இருந்துக்கறோம்" என்றேன். மாடிப்படியில் ஜெனி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். போகச் சொல் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"ஒரு வாரம் டைம் குடு" என்றார் அவர்.

மறுநாள் மதியம் இரும்புக் கடைப் பையோடு வந்தார். பையை மேசையில் வைத்ததும் உள்ளேயிருந்து நீலக் கயிறு சரிந்தது. கடன்பட்ட வீட்டில் கயிற்றைப் பார்த்தால் நம்மவர்களுக்கு வேறு என்ன தோன்றும்? ஊரில் எத்தனை செய்தி கேட்டிருக்கிறோம். ஓடிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "அய்ய, அதுக்கில்ல ஸ்டெல்லா. சத்தியமா அதுக்கில்ல. மணி கட்டறதுக்கு" என்றார். சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன். அழுது முடித்தபின் ஸ்டூலைப் போட்டு ஏறிக் கொக்கி அடித்தார்.

விதிகளை அவர்தான் சொன்னார். எல்லாம் லைன் விதிதான். ஆட வேண்டும் என்ற அரிப்பு வந்தால் அவர் கயிற்றை இழுப்பார். வீட்டில் இருக்கிறவர்கள் கையில் என்ன வேலை இருந்தாலும் விட்டுவிட்டு வர வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. எவ்வளவு என்று கேட்கவே கூடாது. என்ன பிரச்சினை என்று மட்டும் கேட்டுவிட்டுக் கூட நிற்க வேண்டும். சரியானதும் அவர் இரண்டாம் முறை இழுப்பார். அதற்கப்புறம் அவரவர் வேலையைப் பார்க்கப் போகலாம்.

"அதுவரிக்கும் வூடே நிக்கும். பரவால்லியா?" என்று கேட்டார்.

"ஏற்கெனவே நின்னுதான கெடக்கு" என்றேன்.

முதல் மணி இரண்டாம் நாளே அடித்தது. தோசை மாவுக் கையோடு ஓடினேன். கயிற்றைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். காய் வெட்டும் பலகையில் போன் கிடந்தது.

"இன்னா பிரச்சன?" என்றேன்.

"மேட்ச் ஆரம்பிக்கப் போவுது. உடம்பெல்லாம் பரபரன்னு கீது."

போனை எடுத்து அரிசி டப்பாவில் போட்டு மூடினேன். அடுத்து என்ன செய்வதென்று எனக்கும் தெரியவில்லை. பக்கத்தில் பூண்டு இருந்தது. ஆளுக்குக் கொஞ்சம் எடுத்து உரிக்க ஆரம்பித்தோம். வீட்டிலிருந்த பூண்டு எல்லாம் உரித்து முடித்தபின் அவர் எழுந்து போய்க் கயிற்றை இழுத்தார். அந்த மாதம் முழுக்க எங்கள் வீட்டில் பூண்டுக் குழம்புதான்.

ஜெனியின் முறை வந்தபோது நான் வேலையில் இருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அவர்தான் சொன்னார். மணி அடித்திருக்கிறது. அவள் வரமாட்டாள் என்றுதான் நினைத்திருக்கிறார். காதில் இயர்போனோடு இறங்கி வந்து வாசற்படியில் நின்றாளாம். என்ன பிரச்சினை என்றுகூடக் கேட்கவில்லை. கையை மட்டும் நீட்டியிருக்கிறாள். அவர் போனைக் கொடுத்ததும் அரிசி டப்பாவில் போட்டுவிட்டு, அவர் இரண்டாம் முறை இழுக்கும் வரைக்கும் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டு, மேலே போய்விட்டாள்.

"ஒரு வார்த்த பேசல ஸ்டெல்லா. ஆனா வந்துச்சு" என்றார். அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அதற்கப்புறமும் எப்போது மணி அடித்தாலும் வந்தாள். ஒருமுறை ஷாம்பு நுரைத் தலையோடு வந்து நின்றதை நானே பார்த்தேன். பேச்சு மட்டும் இல்லை.

5

ஓராண்டில் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். நடுவில் ஒருமுறை கயிற்றை இழுக்காமலே சறுக்கினார். அன்று மாலை அவராகவே வந்து இழுத்துச் சொன்னார். விதிப்படி நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காமல் இருக்க எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்பது என் பற்களுக்குத் தெரியும்.

இங்கே இதற்கென்று ஒரு குழு இருக்கிறது. டாக்டர் சொல்லித்தான் போக ஆரம்பித்தார். வாரம் ஒருமுறை ஒரு கோவில் கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் தன் கதையைச் சொல்வார்கள். முதல் நாள் இவர் முறை வந்ததும், "ஐ ஆம் அமல். சேம் ப்ராப்ளம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாராம். எல்லாரும் கை தட்டியிருக்கிறார்கள். இப்போது கொஞ்சம் நீளமாகவே சொல்கிறாராம்.

யாரும் வீட்டில் இல்லாத நேரத்தில் மணி அடித்தால் குமரேசனுக்கு வீடியோ கால். அவர் ஒரகடத்தை அடுத்த வல்லத்தில் அறை எடுத்துத் தங்கி வேறொரு கம்பெனியில் இருக்கிறார். ஷிப்ட்டில் இல்லையென்றால் உடனே எடுப்பார். போன ஞாயிற்றுக்கிழமை நானும் பக்கத்தில் இருந்தேன்.

"என்ன பிரச்சினண்ணே?" என்றார் எடுத்ததும்.

"இன்னிக்கு ஒண்ணும் இல்ல குமரேசா. சும்மாதான்."

கொஞ்ச நேரம் ஊர்ப் பேச்சு. பிறகு குமரேசன் குரலை இறக்கிக்கொண்டு, "அந்தக் கொக்கி எத்தன இஞ்சு வாங்குனிய? எங்க ரூம்ல ரெண்டு பயலுவ ராத்திரி பகலா போனும் கையுமாத்தான் கெடக்கானுவ. ஒண்ணு கட்டிப் பாப்பம்னு இருக்கேன்" என்றார். அமல் கொக்கியின் அளவை விளக்கிச் சொன்ன தோரணையைப் பார்த்தால் கம்பெனியே இவரை ஜப்பானுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தது மாதிரி இருந்தது.

கடன் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. பஸ் டிப்போ ஒன்றில் கதவு பழுது பார்க்கும் பிரிவில் உதவியாளர் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறார். இந்த முறை அந்தக் கட்டத்தைக் காலியாக விடவில்லை. உடல்நலக் குறைவு, சிகிச்சையில் இருக்கிறேன் என்று எழுதினார். நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார்கள். பதில் வரவில்லை. வரும் என்று எனக்குத் தோன்றுகிறது. இப்படி நிலைமை தேறி வருகிற நேரத்தில்தான் ஏஜென்சிப் பெண் மேலே அண்ணாந்து பார்த்தாள்.

6

சனிக்கிழமை காலை அவர் ஸ்டூலைப் போட்டு ஏறினார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொடு என்றார். எனக்குக் கை வரவில்லை.

"இன்னும் டைம் இருக்கே. அடுத்த வாரம் கழட்டலாமே."

"எத்தினி நாளைக்கு இதியே புடிச்சினு இருக்கறது? கழட்டிடலாம் ஸ்டெல்லா. கத்துக்கினேன்ல."

கற்றுக்கொண்டதெல்லாம் சரி. கயிறு இல்லாத சமையலறையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இருந்தாலும் எடுத்துக் கொடுத்தேன். அவர் கொக்கியைப் பாதி திருகிவிட்டார். அப்போது ஜெனி காலைச் சாப்பாட்டுக்கு இறங்கி வந்தாள். வாசற்படியில் நின்று மேலே பார்த்தாள். வழக்கம்போல என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"என்ன பண்றாங்க?"

"கழட்டறாரு. ஏஜென்சில சொல்லிட்டாங்கல்ல."

அவள் உள்ளே வந்தாள். ஃபிரிட்ஜைத் திறக்கப் போகிறாள் என்று நினைத்தேன். கயிற்றுக்கு நேரே வந்து நின்றாள். கையைப் பாதி தூக்கினாள், இறக்கினாள். பிறகு எட்டி இழுத்தாள். மணி அவர் காதுக்குப் பக்கத்திலேயே அடித்தது. ஸ்டூல் ஆடியது.

கழற்ற வேண்டாம் என்பதற்காக இழுக்கிறாள் என்றே நினைத்தேன். "அடியே, ஸ்டூலு மேல ஆளு நிக்கிறாரு" என்று சத்தம் போட்டேன். ஆனால் அமல் அப்படி நினைக்கவில்லை. மணி அடித்தால் அவருக்கு ஒரே அர்த்தம்தான். ஸ்க்ரூ டிரைவரை ஃபிரிட்ஜ்மேல் வைத்தார், இறங்கினார், அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"இன்னா பிரச்சன?" என்று கேட்டார்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கயிற்றை விடவில்லை.

"அப்பா" என்றாள்.

மூன்று வருடத்துக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்கிறேன். நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். அவர் அசையவில்லை.

"ஸ்கூல்ல எனக்கு யாரும் இல்லப்பா. லஞ்ச்க்கு யார்கூட உக்கார்றதுன்னு தெரியல. டாய்லெட்ல போய்த்தான் சாப்பிடறேன். வந்ததுலருந்தே." கயிற்று நுனியின் டேப்பைச் சுரண்டினாள். "வீல்சேர்ல இருக்கவங்களுக்குன்னு பெரிய டாய்லெட் ஒண்ணு இருக்கு. அங்க ரெட் கலர் கயிறு தொங்கும். டெய்லி அதப் பாத்துக்கிட்டே சாப்பிடுவேன். இழுத்தா யார் வருவாங்கன்னு தெரியல. அதான் இழுக்கல."

ஏன்டி இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்க வாயைத் திறந்துவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறாள், இந்த ஊர்ப் பெண்ணாகிக்கொண்டிருக்கிறாள், தமிழ் போய்விடும், நாமும் வேண்டாதவர்களாகிவிடுவோம் என்று நான் எவ்வளவு கவலைப்பட்டிருக்கிறேன். அவளோ எந்த ஊர்ப் பெண்ணாகவும் ஆக முடியாமல் கழிவறையில் உட்கார்ந்து நான் கட்டிக்கொடுத்த எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டிருக்கிறாள். அமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏன் என்று கேட்கக் கூடாது. வாயை மூடிக்கொண்டேன்.

அவர் அவளைத் தொடவில்லை. தொட்டால் அவள் ஓடிவிடுவாள் என்று பயந்தாரோ என்னவோ. பூண்டுக் கூடையை இழுத்து மேசையில் வைத்தார். மூன்று பேரும் உட்கார்ந்தோம்.

"திங்கக்கெழம அம்மாவும் நானும் ஸ்கூலுக்கு வந்து டீச்சராண்ட பேசறோம்" என்றார், பூண்டை உரித்துக்கொண்டே. "எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனா வரேன்."

"ம்."

"வேற இன்னா செய்யணும், சொல்லு."

அவள் யோசித்தாள். "ஸ்கூல் விட்டு பஸ்ல வரப்ப, ஸ்டாப்ல வந்து நில்லு" என்றாள்.

எங்கள் தெரு முனை பஸ் ஸ்டாப். எதிரே கண்ணாடிக் கதவு. ஓராண்டாக அவர் அந்தப் பக்கமே போவதில்லை. பால் வாங்கப் போனாலும் இரண்டு தெரு சுற்றித்தான் போவார். அது ஜெனிக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறாள். நான் அவரைப் பார்த்தேன். அவர் கையிலிருந்த பூண்டு தோல் உரியாமல் அப்படியே நின்றது.

"தெனமும் வரணும்" என்றாள்.

"வரேன்" என்றார்.

அவர் குரல் உடைந்ததை நாங்கள் இருவரும் கேட்டோம். கேட்காத மாதிரி உரித்துக்கொண்டிருந்தோம். கூரையில் கொக்கி பாதி கழன்று தொங்கியது. ஏஜென்சிக்கு இனி என்ன எழுதுவது என்று மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். என்ன எழுதினாலும் டெக்கரேஷன் என்று எழுதப் போவதில்லை.

பூண்டு தீர்ந்துவிட்டது. ஜெனி எழுந்திருக்கவில்லை. அமல் வெங்காயக் கூடையை எடுத்து வைத்தார். அவள் எழுந்து போய்க் கயிற்றை இரண்டாம் முறை இழுக்க வெகுநேரம் ஆயிற்று. அதுவரைக்கும் வீடே நின்றது. யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.